குளத்தக்கா வாங்கிய சக்கர ஹெட்

அந்தப் பிசியோதெரபி மையத்தில் அவளை எல்லோரும் குளத்தக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கட்டடத்தின் பின்பக்கத்தில் இருந்த சின்ன நீச்சல்குளம் அவள் பொறுப்பு. நீச்சல்குளம் என்பது பேருக்குத்தான். அதில் யாரும் நீந்துவதில்லை. பக்கவாதம் வந்தவர்களும், இடுப்பெலும்பு உடைந்து தேறியவர்களும், சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்களும் நெஞ்சளவு வெதுவெதுப்பான நீரில் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு நடை பழகுவார்கள். அவர்கள் வருவதற்குள் அடியில் படிந்த தூசியையும் முடியையும் எடுத்துவிட வேண்டும். அதற்கு நீளமான ஒரு கம்பு, அதன் நுனியில் அழுக்கை உறிஞ்சும் வேக்குவம் ஹெட், அதிலிருந்து சுவரில் உள்ள துளைவரை போகும் ஹோஸ். மோட்டாரைப் போட்டுவிட்டு, வீட்டுத் தரையைத் துடைப்பதுபோலக் குளத்தின் அடியைத் துடைத்துக்கொண்டே போவாள்.

வேலை வாங்கிக் கொடுத்தவள் நாத்தனார். அங்கே வரவேற்பு மேசையில் இருந்தாள். "எங்க அண்ணி மேல ஒரு சொல் வராது, நான் பொறுப்பு" என்று சொல்லித்தான் சேர்த்துவிட்டாள். அந்தப் பொறுப்பு நாத்தனாரைவிடக் குளத்தக்காவைத்தான் அதிகம் அழுத்தியது. ராத்திரி படுக்கும்போதும் மோட்டாரை அணைத்தோமா, குளோரின் டப்பாவை மூடினோமா என்று மனதுக்குள் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

போதாததற்குக் கொஞ்ச மாதங்களாக வலது தோள்பட்டை மக்கர் பண்ணியது. சீப்பைத் தலைக்குக் கொண்டுபோகவே கை மறுத்தது. கையும் காலும் வராதவர்களைத் தேற்றி அனுப்பும் இடத்தில் இருந்துகொண்டு, தன் தோளை அவள் ஒளித்து வைத்திருந்தாள். தெரிந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். கணவரிடமும் மூச்சு விடவில்லை. அவர் வாயில் எதுவும் தங்காது, மறுநாளே தங்கச்சி காதுக்குப் போய்விடும்.

இந்த நிலையில்தான் பழைய ஹெட் விரிசல் விட்டுக் காற்றை இழுக்க ஆரம்பித்தது. புதிதாக ஒன்று பார்த்து வாங்கி வரச் சொல்லி அவளையே அனுப்பினார்கள்.

கடைக்காரர் முதலில் கேட்டது, "அடியில டைல்ஸா, ஷீட்டா?"

"ஷீட்தாங்க. ரப்பர் மாதிரி மெத்துன்னு இருக்கும்."

"அப்ப இதை எடுத்துக்கங்க" என்று முக்கோண வடிவில் ஒன்றை எடுத்து வைத்தார். அடிப்பக்கம் முழுக்கப் பிரஷ். சக்கரமும் இல்லை, இரும்பும் இல்லை. "ஷீட்டைக் கீறாது."

குளத்தக்கா அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். காற்றாக இருந்தது. இவ்வளவு லேசான சாமான் தண்ணீருக்குள் அடியில் நிற்காது, கம்பை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்று தோள் உடனே கணக்குப் போட்டுவிட்டது. பக்கத்தில் இன்னொன்று இருந்தது. அகலமானது, உள்ளே எடைக் கட்டிகள், அடியில் வரிசையாகச் சக்கரங்கள். மேசைமேல் வைத்துத் தள்ளினாள். ஒரு விரலுக்கு ஓடியது.

"இது எப்படிங்க?"

"இது டைல்ஸ் குளத்துக்கு. தள்ள சுகமா இருக்கும், நல்லா உறிஞ்சும். ஷீட்டுக்கு நான் சொல்லமாட்டேன். சக்கரம் தடம் போடும், அதைப் பிடிச்சிருக்கிற பின் கழண்டாலும் வம்பு."

"மெதுவாத்தான் ஓட்டுவேன்."

"உங்க இஷ்டம்மா. நான் சொல்லிட்டேன்."

அவள் சக்கரம் வைத்ததையே வாங்கினாள்.

முதல் வாரம் சொர்க்கம். ஹெட் தன்பாட்டுக்கு அடியில் அமர்ந்து உருண்டது. கம்பால் சும்மா வழிகாட்டினால் போதும். ஆனால் குளத்தின் அடியில் மங்கலாக இரண்டு கோடுகள் தெரிய ஆரம்பித்தன. பாசியாக இருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். பிறகு ஒரு காலை, வேலை முடித்து ஹெட்டை வெளியே எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தபோது, ஓரத்துச் சக்கரம் ஒன்று தளர்ந்து ஆடியது. அதைப் பிடித்திருந்த இரும்புப் பின்னைக் காணோம்.

விரல் நகம் அளவுகூட இருக்காது. ஒரு முனை கூர்.

உறிஞ்சிப் போயிருக்கும் என்று ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தி, வடிகட்டிக் கூடையைத் திறந்து கொட்டினாள். முடிக்கற்றை, ஒரு ரப்பர் பேண்ட், ஊறிப்போன பிளாஸ்திரி. மறுபடி கிளறினாள். பின் இல்லை. அப்படியானால் அது தண்ணீருக்குள்ளேதான் கிடக்கிறது, காலில் குத்தினால்கூடத் தெரியாதவர்கள் நடக்கிற இடத்தில்.

வெளியே நாற்காலிகள் நகரும் சத்தம். முதல் ஆட்கள் வந்துவிட்டார்கள். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒருவேளை ஒன்றுமே ஆகாமலும் போகலாம். அந்த "ஒருவேளை"யைப் பிடித்துக்கொண்டு ஈரக் கையோடு அவள் சற்று நேரம் அப்படியே நின்றாள். எட்டிப் பார்த்தால், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, நாத்தனாரிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"என் பாதத்துக்கு ஒண்ணுமே தெரியாதும்மா. போன மாசம் வீட்டுச் சாவியைக் காணோம்னு ஊரையே புரட்டினேன். சாயங்காலம் ஷூவைக் கழட்டினா உள்ள கெடக்கு. நாள் பூரா அது மேலயே நடந்திருக்கேன்."

நாத்தனார் சிரித்தாள். குளத்தக்கா அதற்குமேல் நிற்கவில்லை. நேரே பிசியோ மேடத்தின் அறைக்குப் போனாள்.

"மேடம், இன்னிக்கு யாரையும் தண்ணியில இறக்காதீங்க."

"ஏன்?"

"ஹெட்லருந்து ஒரு பின் கழண்டுடுச்சு. எங்க விழுந்துச்சுன்னு தெரியல."

மேடம் பேனாவை வைத்தாள். "கூடையில பார்த்தீங்களா?"

"ரெண்டு தடவை."

"எவ்வளவு தூரத்துலருந்து வந்திருக்காங்க தெரியுமா எல்லாரும்" என்றாள், கோபத்தோடு. ஆனால் சொல்லிக்கொண்டே எழுந்து போய்க் குளத்து வாசலுக்குக் குறுக்கே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

நாத்தனாரின் முகம் வெளுத்திருந்தது. அறிவிப்புப் பலகையில் இருந்த காந்தத்தைப் பிடுங்கி நூலில் கட்டிக்கொண்டு வந்தாள். மூன்று பெண்களும் குளத்தைச் சுற்றி வந்து காந்தத்தை இழுத்தார்கள். மீன் பிடிப்பதை வேடிக்கை பார்ப்பவர் போல நின்றிருந்த டிரைவர், வெகுநேரம் கழித்து, "துருப்பிடிக்காத எஃகுன்னா காந்தத்துல ஒட்டாதே" என்றார்.

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா அண்ணே?" என்றாள் நாத்தனார்.

"யாரு கேட்டீங்க?"

வேறு வழியில்லை, இறங்கித்தான் தேட வேண்டும். அத்தனை வருஷம் அந்தக் குளத்தைத் தேய்த்தவள் ஒரு நாளும் அதில் கால் வைத்ததில்லை. தண்ணீர் என்றாலே அவளுக்குப் பயம். புடவையை இழுத்துச் செருகி, கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினாள். நீர் இடுப்புக்கு வந்தது, நெஞ்சுக்கு வந்தது. மூச்சு மேலேயே நின்றுகொண்டது. மேடம் பக்கத்தில் இறங்கி அவள் கையைப் பிடித்தாள். இருவரும் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை, பாதத்தால் அடியைத் தடவித் தடவி நடந்தார்கள். குத்தட்டும், குத்தினால் நல்லது என்று வேண்டிக்கொண்டே ஒவ்வொரு அடியையும் வைத்தாள். எதுவும் குத்தவில்லை. காலுக்குத் தட்டுப்பட்டவை அந்தக் கோடுகள் மட்டும்தான். பாசி வழுக்கும், இவை பள்ளமாக இருந்தன.

வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பினார்கள். டிரைவர் மட்டும் மகன் வண்டிக்காகக் காத்திருந்தார்.

ஈரப் புடவையோடு குளத்தக்கா ஹோஸைச் சுருட்ட ஆரம்பித்தாள். கை வேலை செய்தால்தான் அழுகை வராது என்று தோன்றியது. நாத்தனார் மறுமுனையைத் தூக்கிக் கொடுத்தாள். அப்போதுதான் உள்ளே எங்கோ மெல்லிய ஒரு சத்தம், முறத்தில் கல் உருள்வதைப் போல.

"அண்ணி, அசையாதீங்க."

ஹோஸை மடிப்பு மடிப்பாக வளைத்து, குலுக்கி, காதை வைத்துக் கேட்டுக்கொண்டே போனார்கள். கடைசியில் அழுக்குத் தண்ணீரோடு பின் வெளியே வந்து தரையில் விழுந்தது. நாத்தனார் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

மேடம் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "கடையில வேற ஹெட்டே இல்லையா?"

பொய் சொல்ல ஒரு நொடி போதும். "இருந்துச்சு. பிரஷ் வச்சது. அதைத்தான் எடுக்கச் சொன்னாரு. அதை அழுத்திப் பிடிக்க எனக்குத் தோள் வராது மேடம். அதான் இதை எடுத்துட்டேன்."

"கையைத் தூக்குங்க."

காது மட்டத்துக்கு மேலே கை போகவில்லை. மேடம் தோளை அழுத்தியதும் அவளுக்குக் கண்ணில் பூச்சி பறந்தது.

"எத்தனை மாசமா இப்படி? நிர்வாகத்துக்கு நான் சொல்லித்தான் ஆகணும்" என்றாள் மேடம்.

அதன்பின் வந்த நாட்கள் கொடுமை. சோறு இறங்கவில்லை. கணவர் கேட்டார், "ஏதாச்சும் சொன்னாங்களா?" நாத்தனாரும் கேட்டாள், "என்கிட்டயாவது தோளைப் பத்திச் சொல்லியிருக்கலாமே அண்ணி?" அந்தக் கேள்விதான் அதிகம் சுட்டது.

நிர்வாகம் அவளை அனுப்பவில்லை. சும்மா விட்டுவிடவும் இல்லை. பிரஷ் ஹெட் வாங்கினார்கள். அதை ஓட்டும் வேலையை மையத்தின் தோட்டக்காரரிடம் கொடுத்தார்கள். தண்ணீர்ப் பரிசோதனை, கூடை, படி துடைப்பு எல்லாம் அவளுக்கு. தோள் தேறினால் பார்க்கலாம் என்றார்கள். மத்தியானத்தில் மேடம் அவளைச் சுவரோரம் நிறுத்தி, விரல்களால் சுவரில் ஏறச் சொல்லுவாள். ஒவ்வொரு வாரமும் கை ஒரு விரற்கடை கூடுதலாக ஏறியது.

தோட்டக்காரர் நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். புல் வாருவதுபோலக் கம்பை வீசுவார். தூசி கிளம்பித் தண்ணீர் கலங்கும்.

"மெதுவா ஓட்டுங்கண்ணே. கலங்கினா அடி தெரியாது."

"நீங்க ஏன்க்கா பதறுறீங்க? இதுல கழண்டு விழ என்ன இருக்கு, வெறும் பிரஷ்தானே."

அவர் சொல்வது சரிதான். இருந்தாலும் அவர் போன பிறகு அவள் ஹெட்டைக் கவிழ்த்துப் பிரஷ் வரிசையை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கி, நெஞ்சளவு தண்ணீரில் அடியைக் காலால் துழாவிக்கொண்டே மெதுவாக மறு ஓரம்வரை நடந்தாள். பயம் முழுக்கப் போய்விடவில்லை. மறு ஓரம் வந்ததும் கதவுப் பக்கம் திரும்பி, "எல்லாரையும் வரச் சொல்லும்மா" என்று நாத்தனாருக்குக் குரல் கொடுத்தாள்.