கைப்பிடி சுற்றாத மானேஜர்

அந்த மானேஜரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அறுபதுகளில் தென்காசிக்கு வெளியே, கடையம் சாலையில் இருந்த ஒரு நூல் மில்லில் நான் டெலிபோன் ஆபரேட்டர். மில் போன்கள், டவுன் ஆபீஸ் போன்கள், குற்றாலத்தில் கம்பெனி பங்களா போன் எல்லாம் என் போர்டுக்குத்தான் வரும். அவர்கள் கைப்பிடியைச் சுற்றினால் போர்டில் ஒரு சின்ன மூடி விழும். யார் வேண்டும் என்று கேட்டு வயரைச் செருகுவேன். பேசி முடித்ததும் மறுபடி சுற்றுவார்கள், உருவிவிடுவேன்.

பிறகு டயல் போன் வந்தது. முதலில் டவுன் ஆபீஸுக்கு, மில்லுக்கும் பங்களாவுக்கும் அப்புறம் என்றார்கள். மெஷின் ஓடுகிற இடத்துக்கு அவசரமில்லையாம், நாற்காலியில் இருப்பவர்களுக்குத்தான் அவசரமாம். அதுவரை புதுசையும் பழசையும் இணைக்க ஒரே ஒரு லைன்.

டயல் போனில் சுற்றக் கைப்பிடி கிடையாது. அதைக் கீழே வைத்தாலே ஆபீஸ்காரர்களுக்குப் பேச்சு முடிந்தது. என் போர்டுக்கு அது தெரியாது. பழைய போனில் இருப்பவர் சுற்றினால்தான் தெரியும். அவர்களோ சுற்ற மாட்டார்கள். மேலதிகாரி முடிப்பதற்கு முன்னால் தான் முடிப்பது மரியாதைக் குறைவு என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். அதனால் நானே நடுவில் புகுந்து, முடிந்ததா என்று கேட்பேன். டவுன் ஆபீஸில் இருந்த மானேஜர் அதை ஒட்டுக்கேட்பது என்றார். இனி என் பேச்சில் காது வைத்தால் உனக்கு வேலை இல்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

ஒரு சாரல் காலத்தில், பங்களா விருந்தாளிகளுக்கு எண்ணெய் தேய்க்க ஆள் பிடிக்கச் சொல்லி மானேஜர் அங்கே இருந்த வாட்ச்மேனோடு பேசினார். அப்போது மில் மேஸ்திரி கூப்பிட்டார்.

“மெஷின்ல ஒருத்தருக்குக் கை மாட்டிக்கிட்டு. ஆபீஸ் காரை அனுப்பச் சொல்லும்மா.”

ஆபீஸுக்குப் போகிற அந்த ஒரே லைனில் மானேஜர் பேச்சுக்குப் போட்ட வயர் செருகியபடியே இருந்தது. உத்தரவுப்படி காத்திருந்தேன். மேஸ்திரி மறுபடி கூப்பிட்டார்.

“கார் வருதா இல்லையா? ரத்தம் நிக்க மாட்டுக்கு.”

வேலை போனால் போகட்டும் என்று காதை வைத்தேன். பேச்சே இல்லை.

“அண்ணாச்சி, மானேஜர் பேசுதாரா?”

“அப்பவே பேசியாச்சு தாயி,” என்றார் வாட்ச்மேன். “ஐயா இன்னும் சுத்தலை. அதான் போனைப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன்.”

வயரை உருவி மானேஜருக்குப் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

“கார் போகும். லைன் சும்மா கிடக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

“முதல்ல கார் போகட்டும் சார்,” என்றேன்.

மறுநாள் விசாரணைக்குக் கூப்பிட்டார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

“சார், பேசி முடிச்சதும் ‘வைக்கிறேன்’னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வையுங்க. அவங்க சுத்திருவாங்க.”

“வாட்ச்மேன்கிட்ட சொல்லிட்டுத்தான் நான் போனை வைக்கணுமா?”

முந்தின நாள் சாயங்காலமே ஆஸ்பத்திரியில் அந்தத் தொழிலாளியின் வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். மானேஜருக்கு அது தெரியும். தெரிந்துதான் என்னிடம் அப்படிக் கேட்டார்.