சாமி விளக்கை அணைத்தது யார்

அந்தக் கடையில் நான் சேர்ந்தபோது என் கையில் இரண்டு சான்றிதழ்கள் இருந்தன. ஒன்று தொழிற்கல்விப் பள்ளியுடையது, இன்னொன்று பாலிடெக்னிக்குடையது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான்தான். அலோர் காஜாவுக்கு அந்தப் பக்கம், ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அப்பா எதற்கும் கட்டைவிரல் ரேகைதான் வைப்பார். அம்மா புக்கிட் ரம்பாயில் தொழிற்சாலை வேலைக்குப் போனபோது விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவள் நான். அப்போது எனக்குப் பதிமூன்று வயது. அதிலிருந்தே எங்கள் தோட்டத்து லய வீடுகளில் யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம் கொண்டுவருவார்கள். அதை நான் வேண்டாமென்று சொன்னதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

கடை மலாக்கா டவுனில், விளக்கும் மின்விசிறியும் விற்கும் கடை. தவுக்கே என்று நாங்கள் கூப்பிட்ட முதலாளி ஒரு சீனர். கடையில் மின்சார வேலை தெரிந்தவர்கள் இரண்டு பேர்: நானும், எனக்கு ஒரு வருடம் முன்னால் சேர்ந்திருந்த இன்னொரு பெண்ணும். அவளும் தமிழ்ப் பெண், என் வயதுதான். ஐந்தாம் படிவப் பள்ளியிறுதித் தேர்வில் தோற்றவள். அவளுடைய அப்பா வயர்மேன். சிறு வயதிலிருந்தே அவருடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வீடு வீடாகப் போயிருக்கிறாள். நான் தேர்வு எழுதிக் கற்றதை அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றே கற்றிருந்தாள்.

முதல் வாரத்திலேயே எனக்கு அவளைப் பிடிக்காமல் போய்விட்டது. அவள் ஒன்றும் செய்யவில்லை. தவுக்கேயின் அம்மாவிடம் ஹொக்கியன் சீனத்தில் பேசிச் சிரிப்பாள், அவ்வளவுதான். அந்தக் கிழவி என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டுவார், அவளுக்கோ ஆரஞ்சு உரித்துக் கொடுப்பார். வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் "அந்தச் சிரிக்கிற பொண்ண அனுப்புங்க" என்பார்கள். நான் போன வீடுகளில் என்னை 'மிஸ்' என்று கூப்பிட்டார்கள். முதலில் அது மரியாதை என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அவள் போன வீடுகளில் அவளை உட்காரவைத்து மைலோ கலக்கிக் கொடுத்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

வேலைச் சீட்டை மட்டும் இருவருக்கும் சேர்த்து நான்தான் எழுதுவேன். சீட்டு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்பது தவுக்கேயின் கட்டளை. அவளுக்கு அது வராது. மாலையில் என் மேசைக்கு வந்து, "எழுதுடி, ஃபேன் ஓடல, கெப்பாசிட்டர் மாத்தியாச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். நான் நான்கு வரி எழுதி, வேலை செய்தவர் என்ற இடத்தில் அவள் பெயரைப் போடுவேன். மாதக் கடைசியில் தவுக்கே சீட்டுகளைப் புரட்டுவார். என் எழுத்தில் அவள் பெயர் அடுக்கடுக்காக வரும்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் தவுக்கே புதிதாக ஒரு பொருளைக் கொண்டுவந்தார். சுவரை உடைக்காமல், புது வயர் இழுக்காமல், வீட்டு விளக்குகளை ஒரே இடத்திலிருந்து ஏற்றி அணைக்கலாம். கட்டுப்பாட்டுப் பெட்டியை ஒரு பிளக்கில் செருகினால், அது அனுப்பும் கட்டளை மின்சாரம் ஓடும் அதே வயரிலேயே ஓடி, விளக்கில் மாட்டிய சிறு பெட்டிக்குப் போய்ச் சேரும். நேரம் வைத்தால் தானாகவே எரியும். அந்த ஆங்கிலக் கையேட்டை ஒரே இரவில் படித்து முடித்தேன். இது என் இடம், இங்கே அவளால் வர முடியாது என்று நினைத்தேன். இதற்காகத் தனிப் பிரிவு தொடங்கப்போவதாகவும், எங்களில் ஒருவரை மூன்று நாள் பயிற்சிக்குச் சிங்கப்பூருக்கு அனுப்பி அவரையே பொறுப்பாளராக வைக்கப்போவதாகவும் தவுக்கே சொன்னார். யார் என்று சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் குருபோங்கில் ஒரு வீட்டிலிருந்து புகார் வந்தது.

புதிய தாமான் குடியிருப்பில் இரட்டை மாடி வீடு. லாரி வைத்துத் தொழில் செய்யும் தமிழ்க் குடும்பம். வாசல், தோட்டம், படிக்கட்டு, கூடம் எல்லா இடத்திலும் புதுப் பெட்டிகளை மாட்டியிருந்தோம். பகலில் எல்லாம் சரியாக வேலை செய்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு விளக்கும் சொல் கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

"எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிட்டேன்மா, லைட்டு தானா எரியும்னு" என்றார் வீட்டுக்கார அங்கிள். "இப்ப நான் ஓடி ஓடி சுவிட்சு தட்டுறேன். இதுக்கு பழைய சுவிட்சே போதும்லா."

தவுக்கே என்னைத்தான் அனுப்பினார். கோளாறு தெரியும் நேரமான ஆறு மணிக்கே போனேன். வீட்டுக்கார ஆன்ட்டி அப்போதுதான் விளக்கேற்றி முடித்திருந்தார். கூடத்தில் சாமி மேடை. படங்களைச் சுற்றி வண்ண வண்ணமாக மாறி எரியும் லிப்லாப் லைட்டு.

கையேட்டில் சொல்லியிருந்த முறை எளியது. வயரில் ஏதோ ஒரு பொருள் இரைச்சலைக் கலந்துவிட்டால் கட்டளை அதில் மூழ்கிவிடும். மெயின் பெட்டியில் ஒவ்வொரு இணைப்பாக அணைத்துப் பார்த்தால், எதை அணைத்ததும் கட்டளை போய்ச் சேருகிறதோ, குற்றவாளி அங்கே இருக்கிறது. கட்டுப்பாட்டுப் பெட்டியையும் சோதனைக் கருவியையும் மாடியில் செருகிவைத்தேன். கட்டளை வந்தால் கருவியில் பச்சை எரியும், வராவிட்டால் சிவப்பு.

கீழ்த்தள பிளக்குகளை அணைக்கப் போனேன். ஆன்ட்டி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"வெளக்கு ஏத்துன நேரம்மா. சாமி லைட்டு மட்டும் அணையாம பாத்துக்க."

"தெரியும் ஆன்ட்டி" என்றேன். யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை எனக்கு. நீள வயர் ஒன்றைப் போட்டு, சாமி லைட்டை மாடி பிளக்கில் செருகிவிட்டுக் கீழே அணைத்தேன். சிவப்பு. அடுப்படி இணைப்பை அணைத்தேன். சிவப்பு. ஏர்கான், வாட்டர் ஹீட்டர், விளக்குகள் எல்லாம். சிவப்பு, சிவப்பு. கடைசியில் வீடே இருட்டாகி, மாடி பிளக்குகளில் மட்டும் மின்சாரம் இருந்தது. அதில் என் இரண்டு பெட்டிகளும் சாமி லைட்டும்தான். அப்போதும் சிவப்பு.

வீட்டுக்குள் கோளாறே இல்லை என்று முடிவு கட்டினேன். தாமான் முழுக்க ஆறு மணிக்கு விளக்கும் தொலைக்காட்சியும் போடுகிறார்கள், இரைச்சல் வெளியிலிருந்து வருகிறது. ஒன்றரைப் பக்கம் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன், படமும் வரைந்தேன். வெளியிலிருந்து வயர் நுழையும் இடத்தில் வடிகட்டி வைக்கச் சொன்னேன். தவுக்கே அதை இரண்டு முறை படித்துவிட்டு மெயின் வடிகட்டியை வைத்துக் கொடுத்தார். அன்று சாயங்காலமே அங்கிள் கூப்பிட்டார். ஒரு விளக்கும் எரியவில்லை.

மறுநாள் தவுக்கே, "ரெண்டு பேரும் போங்க" என்றார். என்னைப் பார்த்து, நீ கருவியைப் பிடித்துக்கொள், அவள் பார்க்கட்டும் என்று மலாயில் சொன்னார். வேனில் போகும்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"எனக்கு இன்னிக்கி ரெண்டாவது நாளு. சாமி மேட கிட்ட நான் வரமாட்டேன். அந்த வயர நீ மாத்திக் குடுத்துரு."

"சரி" என்றேன்.

நான் மாடியில் உட்கார்ந்துகொண்டேன். அவள் கீழே மெயின் பெட்டியின் முன் நின்றாள். அடுப்படியிலிருந்த ஆன்ட்டியும் அவளும் பேசிச் சிரிப்பது கேட்டது. வந்து பத்து நிமிடம் ஆகவில்லை, அதற்குள் ஆன்ட்டி தன் மகளுக்கு எடுத்த சேலையைப் பற்றி அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். முந்தின முறை நான் இரண்டு மணி நேரம் அதே வீட்டில் இருந்தேன். பெண்ணுக்குச் சேலை எடுத்திருக்கிறார்கள் என்பதே எனக்குத் தெரியாது.

"ஏய், கீழ் பிளக்க அணைக்கப் போறேன். சாமி வயர மாத்திட்டியா?" என்று அவள் கத்தினாள்.

எனக்கு நன்றாகக் கேட்டது. வயரை நான் மாற்றவில்லை. எழுந்து படியிறங்கினால் அரை நிமிட வேலை. விளக்கேற்றிய நேரத்தில் சாமி லைட்டு அணைந்தால் ஆன்ட்டியின் முகம் எப்படி மாறும் என்று நினைத்தேன். அவ்வளவு சிரிப்பும் நின்றுவிடும். இவளைத்தான் திட்டுவார். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "ம்" என்றேன்.

அவள் அணைத்தாள். கீழே ஆன்ட்டி, "ஐயையோ, சாமி லைட்டு" என்பது கேட்டது. அதே நொடி என் கையிலிருந்த கருவியில் பச்சை எரிந்தது.

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் பச்சை என்று எனக்குப் பிடிபடவில்லை. கீழிருந்து அவள் குரல் வந்தது: "மேல என்ன கலரு?"

"பச்ச."

பிறகு சுவிட்சைத் தட்டும் ஒலி. சிவப்பு. மறுபடி தட்டினாள். பச்சை.

நான் இறங்கி வந்தபோது அவள் மேடைக்குப் பத்தடி தள்ளி நின்று, கையை நீட்டி ஆன்ட்டிக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். "அந்த லிப்லாப் பெட்டி இருக்குல்ல ஆன்ட்டி, பாசார் மாலாம்ல மலிவா வாங்கினதா? சாயங்காலம் போட்டதும் அதான் வயர்ல கத்துது. மத்தபடி ஒண்ணும் இல்ல."

ஆன்ட்டி திட்டவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அணைஞ்சி காட்டிக் குடுத்துட்டாரு பாரு" என்று சாமியைப் பார்த்துச் சொன்னார். அங்கிள் சிரித்தார். கேசரி வந்தது. அவளுக்குத்தான் முதல் தட்டு.

நான் சிறு வடிகட்டி பிளக் ஒன்றைக் கொண்டுபோய் சாமி லைட்டுக்கும் சுவருக்கும் நடுவில் செருகினேன். படிக்கட்டு, தோட்டம், வாசல் என்று விளக்குகள் ஒவ்வொன்றாகச் சொன்னபடி எரிந்தன. முந்தின முறை குற்றவாளியை என் கையாலேயே மாடி பிளக்கில் செருகி எரியவிட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அவளுக்கும் அது புரிந்துவிட்டது. வேனில் ஏறியதும் கேட்டாள்.

"அன்னிக்கு சாமி லைட்ட எரியவிட்டுக்கிட்டேதான் டெஸ்ட் பண்ணியா?"

"வேற எப்படிப் பண்றது? நீ இருந்தா அணைச்சிருப்பியா?"

"மாட்டேன்" என்றாள் உடனே. கொஞ்ச தூரம் போன பிறகு, "இன்னிக்கி நீ மாத்தியிருந்தா நமக்கு ஆயுசுக்கும் தெரிஞ்சிருக்காது. ஏன் மாத்தல?" என்றாள்.

"மறந்துட்டேன்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

கடைக்கு வந்ததும் வழக்கம்போல, "எழுதுடி" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனாள். நான் எழுதினேன். கோளாறு, அதன் காரணம், செய்த பரிகாரம். வேலை செய்தவர் என்ற இடத்துக்கு வந்தபோது பேனாவை நிறுத்தினேன். நான் வயரை மாற்றாததால்தானே இது தெரிந்தது, அப்படிப் பார்த்தால் பாதி என்னுடையது என்று எனக்கு நானே வாதாடினேன். பாதி என்னுடையது என்றால் இரண்டு பெயரையும் போட்டிருக்கலாம், இடம் இருந்தது. நான் என் பெயரை மட்டும் எழுதினேன்.

தவுக்கே சீட்டைப் படித்தார். தன் தப்பைத் தானே கண்டுபிடித்துத் திருத்தும் ஆள்தான் வேண்டும் என்றார். சிங்கப்பூர் எனக்குக் கிடைத்தது.

மூன்றாம் நாள் மதியம், கடையின் பின்பக்கம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே அவள் பேசினாள்.

"சீட்ட தவுக்கேவோட அம்மாகிட்ட குடுத்து படிக்கச் சொன்னேன். அவங்களுக்கும் இங்கிலீசு தெரியாது. ஆனா எழுதியிருக்கிறது யாரு பேருன்னு தெரியுது."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"நீ படிச்சவ. போயிட்டு வா. ஆனா இனிமே என் சீட்ட நானே எழுதிக்கிறேன். தப்பா எழுதினாலும் என் பேரு இருக்கும்."

திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன். அப்போதும் எனக்குள் முதலில் வந்தது வெட்கமில்லை. தவுக்கேயிடம் போய் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் மாறிவிடும், அதைச் சொல்லாமல் உட்கார்ந்து சாப்பிட இவளால் எப்படி முடிகிறது என்ற பொறாமைதான் வந்தது.

சிங்கப்பூரில் மூன்றாம் நாள், பயிற்சிக்கு வந்த ஒவ்வொருவரையும் தாங்கள் தீர்த்த ஒரு கோளாற்றைச் சொல்லச் சொன்னார்கள். நான் குருபோங் வீட்டைச் சொன்னேன். எல்லாரும் ரசித்தார்கள். பயிற்சி கொடுத்தவர், "வழிபாட்டு விளக்கை அணைத்துப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்கு எப்படித் தோன்றியது?" என்று கேட்டார். அதை விளக்க வேண்டுமென்றால் அவள் வேனில் தாழ்ந்த குரலில் சொன்னதைச் சொல்ல வேண்டும், நான் மாடியிலிருந்து "ம்" என்றதையும் சொல்ல வேண்டும். "படிப்படியாக யோசித்தேன்" என்றேன். கை தட்டினார்கள்.

திரும்பி வந்ததும் புதுப் பிரிவு என் பொறுப்பில் வந்தது. யார் எந்த வீட்டுக்குப் போவது என்று காலையில் பலகையில் எழுதுவது நான்தான். ஒருநாள் குருபோங் ஆன்ட்டி கூப்பிட்டார். மகள் கல்யாணம் முடிந்து புக்கிட் ரம்பாயில் குடியிருக்கிறாள், அந்த வீட்டிலும் விளக்குகள் சொல் கேட்கவில்லை, அந்தச் சிரிக்கிற பெண்ணை அனுப்பச் சொன்னார். அவள் அன்று வெளிவேலை இல்லாமல் கடையில்தான் இருந்தாள். பலகையின் முன் சுண்ணக்கட்டியோடு நின்றேன். அவள் தன் மேசையில், நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக முந்தின நாள் சீட்டை எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான் என் பெயரை எழுதினேன்.

கதவைத் திறந்தது ஆன்ட்டி. மகள் வீட்டுக்கு அவரும் வந்திருந்தார். என்னைப் பார்த்து, "வாங்க மிஸ்" என்றார். பிறகு என் தோளுக்குப் பின்னால் வேனைப் பார்த்தார்.

"அவ வரலியா?"

"அவளுக்கு வேற வேல ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி உள்ளே போனேன்.