இன்னும் இருபது நிமிஷம், செல்லம்

இது நடந்தது. கட்டுக்கதை என்று சிரிக்கிறவர்கள் என் அக்காவின் எதிரில் உட்கார்ந்து சிரிக்கட்டும், பார்க்கலாம். குழம்பில் உப்பு தூக்கலாகிவிட்டால் யாரும் வாயில் வைப்பதற்கு முன்பே ஒப்புக்கொள்கிற ஆள் அவள். பொய் வராது.

அக்காவுக்கு ஹெல்ப்லைனில் வேலை. இணையத்தில் எவனிடமாவது மாட்டிக்கொண்டு, வீட்டில் சொல்லவும் முடியாமல் தவிக்கிற பிள்ளைகள் போன் செய்வார்கள். பெயர் கேட்கக் கூடாது. நம்பர் திரையில் தெரியாது. பிள்ளைகள் தாங்களே ஒரு செல்லப்பெயர் சொல்லிக்கொள்வார்கள். இன்னொரு விதியும் உண்டு. அழைத்தவர்தான் முதலில் போனை வைக்க வேண்டும். அக்கா வைக்கக் கூடாது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பகல் இரண்டு மணிக்கு 'மின்மினி' அழைத்திருந்தாள். பதினைந்து வயது. எவனோ அவள் படம் ஒன்றை வைத்துக்கொண்டு மிரட்டுகிறான். ஐந்து மணிக்குள் சொன்னபடி கேட்காவிட்டால் வகுப்பு முழுக்கப் பரப்புவானாம். 'இன்னும் மூணு மணி நேரம், செல்லம்' என்று எழுதியிருந்தான்.

அந்தச் 'செல்லம்' அக்காவுக்குத் தெரியும்.

நான்கு மாதத்துக்கு முன்பு 'பட்டாணி' என்று ஒரு பெண் இதே வார்த்தைகளைப் படித்துக் காட்டினாள். ஒவ்வொரு வரிக்கும் நடுவில் மூக்கை உறிஞ்சுவாள். பேசி முடித்தாலும் போனை வைக்க மனம் வராது. "நீங்க வைங்க அக்கா" என்பாள். "நீதான் வைக்கணும்" என்பாள் அக்கா. அந்தச் செயலியை நடத்தும் கம்பெனிக்கு அக்கா புகார் எழுதினாள். 'விரைவில் பதிலளிப்போம்' என்றார்கள். பதிலளித்தார்கள், பட்டாணி இறந்து இரண்டு நாள் கழித்து. மகளின் போனில் ஹெல்ப்லைன் நம்பரைப் பார்த்துத் தேடி வந்த அவள் அம்மா கேட்டுக்கொண்டபடி, அவள் கணக்கை அடியோடு அழிக்க வைத்ததும் அக்காதான்.

மின்மினிக்கும் அதே புகார். அதே 'விரைவில்'.

மணி 4.40. போன் அடித்தது.

ஆண் குரல். முப்பது வயதுக்குக் குறையாது.

"மேடம்... ஒருத்தி என்னை மிரட்டுறா."

"இது பிள்ளைங்களுக்கான லைன் சார். வேற நம்பர் தரேன்."

"ஐயோ, வேணாம்! இந்த நம்பருக்குப் பேசச் சொன்னதே அவதான்."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"என்ன அனுப்புறா?"

"என் படம். பின்னாடி இருந்து எடுத்தது. இதே ரூம்ல... இப்போ."

"பிளாக் பண்ணுங்க."

"பண்ணிட்டேன். மொபைலை ஆஃபே பண்ணிட்டேன். வீட்டு போன்லதான் பேசறேன். அப்பவும்..."

டிங்.

அது அக்காவுக்கும் கேட்டது.

"முதல் படம் வாசல்ல இருந்து எடுத்திருந்தா. இது... கட்டில் பக்கத்துல."

எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்வது பழக்கத்தில் வாயில் வந்தது. "தனியா இருக்காதீங்க."

"நான் தனியா இல்ல மேடம்..."

மின்விசிறிச் சத்தம். அதற்கு அடியில் இன்னொன்று. யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம்.

அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"என்ன எழுதியிருக்கா? படிங்க."

"இன்னும் இருபது நிமிஷம்..." அவன் குரல் உடைந்தது. "...செல்லம்."

இருபது நிமிடம். ஐந்து மணி.

என் அக்கா யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. அன்று அதட்டினாள். "சொல்லுடா. அது நீ எழுதுறதுதானே?"

அழுகை. பிறகு, "ஆமா."

அக்காவுக்கு இரக்கம் வரவில்லை. வரவே வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். பதினொரு வருடத்தில் முதல்முறையாக விதியை மீறினாள்.

"உன் பேர் என்ன? எங்க இருக்க? போலீஸை அனுப்பறேன்."

"மாட்டிப்பேன் மேடம்!"

"அப்போ போனை வை. நான் வைக்க மாட்டேன்."

அவன் வைக்கவில்லை.

4.51. டிங். "நாற்காலிக்கு ரெண்டடி..."

4.54. டிங். "மேடம், என் கழுத்து தெரியுது... கழுத்து மட்டும்..."

பெயரைச் சொன்னான். விலாசம் சொன்னான். எத்தனை பிள்ளைகள் என்றும் சொன்னான். பதினேழு. அக்கா எழுதிய தாளைப் பக்கத்து மேசைக்காரி பிடுங்கிக்கொண்டு போலீசுக்குப் போன் செய்தாள்.

"திரும்பிப் பார்க்கட்டுமா?"

"உன் இஷ்டம்."

4.59.

டிங்.

டிங்.

ஏதோ கீழே விழுந்தது.

பிறகு ஒன்றுமில்லை...

லைன் மட்டும் அறுபடவில்லை. விதிப்படி அக்கா காத்திருந்தாள். மூச்சுச் சத்தம். மிக அருகில்... போனுக்குள் இருந்தா, அறைக்குள் இருந்தா என்று தெரியவில்லை.

"பட்டாணி?"



5.05. ஏனென்று தெரியாமல், அக்கா தானே போனை வைத்தாள்.

5.20-க்கு மின்மினி அழைத்தாள். "எதுவும் வரல அக்கா. யாருக்கும் எதுவும் வரல." அக்கா அப்போதுதான் அழுதாள்.

புதன்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். அவன் உயிரோடு இருக்கிறானாம். சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், எழுப்பினால் அலறுகிறானாம். அணைந்து கிடந்த மொபைலை ஆன் செய்தபோது உள்ளே பதினொரு படங்கள் இருந்திருக்கின்றன. அனுப்பியது பட்டாணியின் கணக்கு. கம்பெனியிடம் விசாரித்தால், அப்படி ஒரு கணக்கே கிடையாது என்றார்களாம். இதற்கு மட்டும் ஒரே நாளில் பதில்.

"பத்து படம் அவனோடது. கடைசிப் படம்தான் புரியல. நீங்க பாருங்க," என்று நீட்டினார்.

வேறு அறை. வேறு முதுகு. மேசை, காதில் போன், சுவர்க் கடிகாரத்தில் 5.04.

அது அக்காவின் முதுகு.

படத்துக்குக் கீழே ஒரு வரி.

'நீங்க வைங்க அக்கா.'