வெங்காயம் போடாத கிண்ணம்

அந்தப் புதுப் பொண்ணு மேல எனக்குப் பொறாமை வந்ததுக்கு அவ அழகு காரணம் இல்ல, அவ மார்க்கும் காரணம் இல்ல. ஒரு கிண்ணம் சாமைச் சோறுதான் காரணம். சொன்னா சிரிப்பீங்க. சிரிச்சிக்கோங்க. அன்னிக்கி என் வயிறு எரிஞ்சது எனக்குத்தான் தெரியும்.

அப்போ நான் காஞ்சிபுரத்துல காலேஜ் ரெண்டாவது வருஷம் படிச்சிக்கினு இருந்தேன். வூடு முசரவாக்கம், தினமும் பஸ்சுல வந்து போறவ. கிளாஸ்ல என் பக்கத்துல உக்காந்தவ திருப்பருத்திக்குன்றத்துக்காரி, சமணக் குடும்பத்துப் பொண்ணு. காலேஜ் சேர்ந்த நாள்லேர்ந்து எனக்கு அவ, அவளுக்கு நான். வேற யாராவது வேணும்னு எனக்குத் தோணினதே இல்ல. அவளுக்கும் அப்படித்தான்னு நானே முடிவு பண்ணி வெச்சிருந்தேன்.

காலேஜ் கேட்டுக்கு எதிர்ல தள்ளுவண்டிங்க நிக்கும். நூடுல்ஸ், ஃப்ரைடு ரைஸ், காளான், சட்டியில கருப்பா கொதிக்கிற எண்ணெய். மத்த பசங்க எல்லாம் அங்கதான் மொய்ப்பாங்க. எனக்கு அதைத் தின்னா நெஞ்செரிச்சல், மூஞ்சி முழுக்கப் பரு. அவளுக்கோ அதுல ஒண்ணைக்கூடத் தொட முடியாது. அவங்க வூட்டுல வெங்காயம், பூண்டு கிடையாது. மண்ணுக்கு அடியில வெளையற உருளை, கேரட், பீட்ரூட் கிடையாது. தேன்கூடக் கிடையாது. எல்லாத்துக்கும் மேல, பொழுது சாஞ்சிட்டா சாப்பாடே கிடையாது. பச்சத் தண்ணிகூடக் குடிக்க மாட்டா. இப்படி ஒருத்தியும் நானும் சேந்து கையில இருக்கிற காசுக்கு நல்லதா ஒரு வாய் வெளிய சாப்பிடறதுன்னா குதிரைக் கொம்புதான்.

அப்பதான் பட்டுக் கடைங்க இருக்கிற ரோட்டுக்குப் பின்னால ஒரு சந்துல அந்தக் கஃபே வந்துச்சி. பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலைய வுட்டுட்டு வந்த புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர், ஒரு வூட்டு முன்கூடத்தை எடுத்து நாலு மேசை போட்டு ஆரம்பிச்சிருந்தாங்க. வாசல்ல ஒரு கரும்பலகை. தினைப் பொங்கல், கேழ்வரகுக் கஞ்சி, நெல்லிக்காய் ஜூஸ், கருப்பட்டி காபின்னு சாக்பீஸ்ல எழுதியிருக்கும். கடைசியில ஒரு ‘சாமை பவுல்’. விலையப் பாத்துட்டு நாங்க உள்ள போவல. தினமும் அந்தச் சந்து வழியா நடந்து போய், பலகையைப் படிச்சிட்டு, ஏதோ கோயில்ல சாமி பாத்த மாதிரி திரும்பி வருவோம்.

ஒருநாள் அந்தக் கடைக்கார அக்காவே வெளிய வந்து, “தினம் படிக்கிறீங்களே, பரீட்சையா வெக்கப் போறேன்? உள்ள வாங்கம்மா”ன்னு கூப்பிட்டுட்டாங்க. மானம் போச்சேன்னு உள்ள போனோம். ரெண்டு பேர் கிட்டயும் இருந்ததைச் சேத்துப் போட்டு, வெங்காயம் கேரட் போடாம ஒரே ஒரு பவுல் சொன்னோம். அக்கா ஒண்ணும் கேக்கல. கிண்ணத்தைக் கொண்டாந்து நடுவுல வெச்சிட்டு, ரெண்டு ஸ்பூன் போட்டுட்டுப் போனாங்க.

ஐயோ, அது என்னா ருசி! உதிரியா வெந்த சாமை, மேல கொண்டக்கடலை, நறுக்கின வெள்ளரிக்கா, மாதுளை முத்து, வறுத்த எள்ளு, ஓரமா கெட்டித் தயிர். எலுமிச்சம்பழம் பிழிஞ்சி, கருவேப்பிலைப் பொடி தூவி வெச்சிருந்தாங்க. சாப்பிட்டு எழுந்தா வயிறு நெறஞ்சிருக்கும், ஆனா பாரம் இருக்காது. நல்ல சாப்பாடுன்னா காசு இருக்கிறவங்களுக்குத்தான்னு நெனச்சிக்கினு இருந்த எனக்கு, அன்னிக்கி நானும் ஒரு ஆளுன்னு இருந்துச்சி.

அப்புறம் வாரத்துக்கு ஒருநாள் அது எங்க வழக்கமாயிடுச்சி. மத்த நாள்ல டீயைக் குறைச்சி, பஸ் ஸ்டாண்டு பப்ஸைக் குறைச்சி, அந்த ஒரு கிண்ணத்துக்குச் சேத்து வெப்போம். கடைசி பெல் அடிச்சதும் ஓட்டம்தான். பொழுது சாயறதுக்குள்ள அவ சாப்பிட்டு முடிக்கணுமே. மழைக்காலத்துல வெளிச்சம் சீக்கிரம் கம்மியாயிடும். அவ ஜன்னலைப் பாத்துப் பாத்துச் சாப்பிடுவா. “சீக்கிரம்பா, இருட்டுது பாரு”ன்னு என்னையும் விரட்டுவா. இருட்டினா உனக்குத்தானேடி ஆகாது, என்னை ஏன்டி விரட்டறேன்னு கேப்பேன். “நீ மெதுவா தின்னா என் பங்கும் உன் வாய்க்குப் போவுது”ம்பா. ரெண்டு பேரும் சிரிச்சிச் சிரிச்சிப் புரையேறிக்கும்.

வெங்காயம், கேரட் எல்லாம் இல்லாம எங்களுக்குன்னு அக்கா தனியா கலந்து குடுப்பாங்க. அதுக்கு நான்தான் அவங்களைப் பழக்கினேன். இது போடாதீங்க, அது போடாதீங்க, தேனுக்குப் பதிலா வெல்லம் போடுங்கன்னு சொல்லிச் சொல்லி, கடைசியில எங்க நிழல் வாசல்ல தட்டினாலே “உங்களுதுதானே?”ன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. அந்த ‘உங்களுது’ங்கிற வார்த்தையில எனக்கு அப்படி ஒரு பெருமை. வூட்டுலயும் நான் வெங்காயத்தை ஒதுக்க ஆரம்பிச்சேன். எனக்கு வெங்காயம்னா உயிருங்க. பழைய சோத்துக்குச் சின்ன வெங்காயம் கடிச்சி வளந்தவ. எங்கம்மாவுக்குத் தலை கால் புரியல. “இன்னாடி இது புதுப் பழக்கம்? யார் வூட்டுக்கு மருமவளா போவப் போற?”ன்னு கரண்டியால தட்டைத் தட்டினாங்க. நான் வெங்காயத்தைத் தட்டு ஓரமா ஒதுக்கிக்கினே இருந்தேன்.

அந்த நேரத்துல வந்து சேந்தா அந்தப் புதுப் பொண்ணு. சென்னையிலேர்ந்து பாதியில மாறி வந்தவ, ஹாஸ்டல்ல தங்கினவ. ஒல்லியா, பளபளன்னு, கையில எப்பவும் சப்ஜா விதை மெதக்கிற பாட்டில். கிளாஸ்ல அந்தப் பாட்டிலை ஒரு குலுக்குக் குலுக்குவா பாருங்க, எனக்குப் பத்திக்கினு வரும். மேடம் ப்ராஜெக்டுக்கு ஆள் பிரிச்சப்ப என் தோழியையும் அவளையும் ஒண்ணா போட்டுட்டாங்க. என்னைத் தூக்கிப் பின் பெஞ்சுக் கும்பலோட போட்டாங்க.

அன்னிலேர்ந்து என் கிண்ணத்துல அவ வந்து உக்காந்துட்டா. நேர்ல இல்ல, பேச்சுல. தோழி ஒரு வாய் சாப்பிடுவா, “அவ யோகா பண்றாளாம்பா”ம்பா. அடுத்த வாய், “அவ அம்மா தனியா நின்னு அவளை வளத்தாங்களாம்”ம்பா. “அவ எவ்ளோ ஜாலி தெரியுமா?” தெரியாதும்மா, எனக்கு எதுக்குத் தெரியணும்? மாதுளை முத்தைக் கடிச்சாக்கூடக் கசந்துச்சி. ரெண்டு பேரும் படிக்கட்டுல ஒரே போனைப் பாத்துச் சிரிச்சிக்கினு இருப்பாங்க. நான் போனா சிரிப்பு நிக்காது. அதுதான் இன்னும் மோசம். நின்னிருந்தா என்னைப் பத்திப் பேசறாங்கன்னு ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

அப்புறம் தோழி கஃபேக்கு வர்றது நின்னுச்சி. “இன்னிக்கி வேணாம்பா, ப்ராஜெக்ட் இருக்குது”ம்பா. அடுத்த வாரம், “பசிக்கலப்பா, நீ போய்ட்டு வாயேன்.” ரோஷத்துல ஒருநாள் தனியாப் போனேன். “இன்னொரு பாப்பா எங்கம்மா?”ன்னு அக்கா கேட்டாங்க. ஒடம்பு சரியில்லன்னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். முழு பவுலுக்கு என்கிட்ட எங்க காசு? கேழ்வரகுக் கஞ்சி வாங்கிக் குடிச்சேன். நல்ல கஞ்சிதான். பாதியிலயே வெச்சிட்டு எழுந்துட்டேன்.

வாரத்துல ரெண்டு நாள் சாயந்தரம் எனக்கு டைப்ரைட்டிங் கிளாஸ். முடிய இருட்டிடும். அப்படி ஒருநாள் மழை வர மாதிரி இருந்துச்சின்னு பஸ் ஸ்டாண்டுக்கு அந்தச் சந்து வழியா குறுக்கால நடந்தேன். கஃபேல லைட் போட்டிருந்தாங்க. ஜன்னலோர மேசையில, எங்க மேசையில, தோழி உக்காந்திருந்தா. எதிர்ல அந்தச் சென்னைக்காரி. நடுவுல கிண்ணம்.

இருட்டிப் போச்சே! பொழுது சாஞ்சா தண்ணிகூடத் தொடாதவ, இவளுக்காக உக்காந்து சாப்பிடறாளே! காலேஜ் டூர் போனப்ப பஸ் ரிப்பேராகி நடு ரோட்டுல நின்னுச்சி. பொழுது போயிடுச்சின்னு என் டிபன் பாக்ஸ்லேர்ந்து ஒரு இட்லித் துண்டுகூட வாங்கிக்கல. எவ்ளோ கெஞ்சினேன். எனக்காக ஒருநாள், ஒரே ஒருநாள் வளைஞ்சி குடுக்காதவ, நேத்து வந்தவளுக்காகப் பரம்பரை வழக்கத்தையே வுட்டுட்டாளேன்னு பொங்கிக்கினு வந்துச்சி. செருப்பைக் கழட்டினேனா இல்லையான்னுகூட நெனப்பு இல்ல. நேரா உள்ள போய் மேசைப் பக்கத்துல நின்னேன்.

“பசிக்கலன்னு சொன்ன?”

தோழி நிமிந்து பாத்தா. மூஞ்சி மலந்துச்சி. திருட்டு முழி ஒண்ணும் இல்ல. “ஏய், வாடி! கிளாஸ் முடிஞ்சிதா?”

“பொழுது போனப்புறம் சாப்பிட ஆரம்பிச்சிட்டியா? உங்கம்மாவுக்குத் தெரியுமா?”

“ஐயே, நான் எங்க சாப்பிட்டேன்? இவதான் சாப்பிடறா. நான் சும்மா வந்தேன்பா.”

அப்பதான் மேசையை ஒழுங்காப் பாத்தேன். கிண்ணத்துல ஒரு ஸ்பூன்தான் இருந்துச்சி. தோழிக்கு முன்னால ஒண்ணுமே இல்ல. ஒரு டம்ளர் தண்ணிகூட இல்ல. கிண்ணம் நெறைய வெங்காயம், செக்கச் செவேல்னு பீட்ரூட் துருவல், மேல தேன் ஊத்தியிருந்துச்சி. தோழி வூட்டுப் படியேறாத அத்தனையும் அந்த ஒரு கிண்ணத்துல இருந்துச்சி. பச்ச வெங்காய வாசனை குப்புனு அடிச்சிது. அதுக்கு எதிர்ல தோழி மோவாயில கையை வெச்சிக்கினு, சிரிச்சிக்கினு, வெறும் வாயோட உக்காந்திருந்தா.

சாப்பிடலன்னு தெரிஞ்சதும் எனக்கு நிம்மதி வரணுமே, வந்துச்சா? எரியற அடுப்புல மண்ணெண்ணெய் ஊத்தின மாதிரி ஆயிடுச்சி. அவ சாப்பிட்டிருந்தாக்கூடத் தேவலாம். கேடு கெட்ட நாக்கு, சோத்துக்கு ஆசைப்பட்டுட்டான்னு நாலு வார்த்தை திட்டிட்டுப் போயிருப்பேன். என் கூட வந்தப்ப அவளுக்குப் பாதிக் கிண்ணம் கெடைச்சிது. இங்க இவளுக்கு ஒரு பருக்கை கிடையாது, ஆனாலும் வந்திருக்கா. நான் வெங்காயத்தை வுட்டேன், அம்மாகிட்ட ஏச்சு வாங்கினேன். இந்தச் சப்ஜா பாட்டில் ஒரு துளிகூட வுட்டுக் குடுக்கல. கூசாம தேனை ஊத்திக்கினு ஸ்பூன் ஸ்பூனா முழுங்கறா, இவ அதைப் பாத்துச் சந்தோஷப்படறா.

“உக்காருப்பா, ஷேர் பண்ணிக்கலாம், எனக்கு இது ஜாஸ்தி”ன்னு அந்தப் பொண்ணு கிண்ணத்தை என் பக்கம் நகத்தினா. நல்ல மாதிரியாத்தான் சொன்னா. அவ நல்லவளா வேற இருந்து தொலைக்கணுமா?

நான் உக்காரல. தோழியத்தான் பாத்தேன். மனசுல இருந்தது வாயில வந்துடுச்சி. “என் கூட ஒருநாளாவது இப்படிச் சும்மா வந்து உக்காந்திருக்கியா?”

அவ யோசிச்சா. நெஜமாவே யோசிச்சா. “நீ சாப்பிடத்தானேப்பா கூப்பிடுவ”ன்னா.

குத்தம் சொல்லல, குத்திக் காட்டல. மழை பேயுதுன்னு சொல்ற மாதிரி சொன்னா. எனக்குச் சண்டைக்கு ஒரு பிடியும் கெடைக்கல. வெளிய தூறல் ஆரம்பிச்சி, அக்கா வாசல் பலகையை உள்ள எடுத்து வெச்சிக்கினு இருந்தாங்க. பஸ்சுக்கு நேரமாச்சுன்னு போயிருக்கலாம். போவ மனசு வரல. மானத்தை வுட்டுக் கேட்டேன்.

“அப்ப நாளைக்கி என் கூட வரியா? சாப்பிட இல்ல. சும்மா.”

கேட்டு முடிச்சிட்டு அவ மூஞ்சியையே பாத்தேன். அவ என்னைப் பாக்கல. எதிர்ல இருந்தவ பக்கம் திரும்பி, “நாளைக்கி நமக்கு எதுவும் இல்ல இல்ல?”ன்னு கேட்டா.

அந்தப் பொண்ணு வாயில ஸ்பூனோட, இல்லன்னு தலையாட்டினா.

“அப்ப வரேன்பா”ன்னு தோழி என் கையப் புடிச்சா.