பாலேந்திராவை விசாரித்த கதை

லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் மரக்கறிக் கடை வைத்திருந்த ஞானரட்ணம் அண்ணைக்குப் பந்து உதைக்கத் தெரியாது. ஆனால் எங்கள் ஊர்ச் சங்கத்து உதைபந்தாட்ட அணிக்கு ஆள் தெரிவு செய்வது அவர்தான். கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்தே உள்ளே பூச்சி இருக்கிறதா என்று சொல்பவருக்கு மனிதரைத் தெரியாதா என்றார்கள். எல்லோரும் நம்பினோம், முக்கியமாக அவர் நம்பினார்.

2009ஆம் ஆண்டுக் கோடை. மே மாதத்துக்குப் பிறகு எங்களில் ஒருவரும் வாய்விட்டுச் சிரித்திராத கோடை. ஏதாவது ஒன்றில் வெல்ல வேண்டியிருந்தது. அயலூர்ச் சங்கத்திடமிருந்து இம்முறை கோப்பையைப் பறிக்காவிட்டால் பொறுப்பை விட்டுவிடுவதாக அண்ணை கூட்டத்தில் வாக்குக் கொடுத்துவிட்டார்.

கோல் அடிக்க ஒருவன் இருந்தான். ஜேர்மனியிலிருந்து குரோய்டனுக்கு வந்து சேர்ந்த பாலேந்திரா. காலில் தேன், தலையில் தணல். டோட்முண்டில் நடுவரின் விசிலைப் பிடுங்கிப் பற்றைக்குள் எறிந்தவன் என்று கதை.

“அண்ணை, அவனை எடுத்தால் கோப்பையும் வரும், பொலிசும் வரும்,” என்றார் செயலாளர் வாமதேவன்.

“பொறும். விசாரிச்சுப் பாப்பம்.”

டோட்முண்டில் இருந்த எங்கள் ஊர் யோகமலருக்குப் போன் போட்டார்.

“பிள்ளை, இந்தப் பாலேந்திரா ஆள் எப்பிடி? குடி, கோவம் ஏதும்?”

மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தம் குறைந்தது.

“சீச்சீ. தங்கமான பெடியன். அதிர்ந்து கதைக்க மாட்டான்.”

இன்னும் சிலரைக் கேட்டார். எல்லோருக்கும் தங்கம். குடி, கோபம் என்ற வரிசையில் ஒரு பெடியனைப் பற்றிக் கேட்டால் அது எதற்கு என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். கலியாணத்தைக் குழப்பின பாவத்தை யார் சுமப்பது? அண்ணைக்கு மட்டும் அது விளங்கவில்லை. யோகமலர் அன்றைக்கே பாலேந்திராவின் தாய்க்கும் நல்ல செய்தியைச் சொல்லிவிட்டார்.

அண்ணை நேரே இறுதிப் போட்டிக்கு இறக்கிய பாலேந்திரா தலை படிய வாரி, திருநீறு பூசி வந்தான். அயலூரான் ஒருவன் இடறி விழ, பந்தை விட்டுவிட்டு அவனைத் தூக்கிவிட்டான். நடுவருக்குத் தண்ணீர் நீட்டினான். கோல் வாசலில் நின்றுகொண்டு, பெண்கள் இருந்த கூடாரத்தைப் பார்த்துச் சிரித்தான். இடைவேளையில் அவர்களுக்கு ஒன்று, எங்களுக்குப் பூச்சியம்.

“என்னடாப்பா, கோயில் மாடு மாதிரி நிக்கிறாய்?”

“பொம்பிளை வீட்டார் பாத்துக்கொண்டு நிப்பினம் எல்லோ அண்ணை. எந்தப் பிள்ளை எண்டு சொன்னால் நல்லது.”

அண்ணைக்கு அப்போதுதான் விளங்கியது. நல்ல பிள்ளையாகவே விட்டால் கோப்பை போய்விடும். உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்பது முருகனுக்குத்தான் வெளிச்சம். மேசையில் இருந்த கோப்பையை ஒருமுறை பார்த்தார்.

“தம்பி, பொம்பிளை ஒண்டும் இல்லை. பந்துக்குத்தான் விசாரிச்சனான்.”

இரண்டாம் பாதியில் தணல் மூண்டது. இரண்டு கோல். பிறகு விசில் பற்றைக்குள் போனது. சிவப்பு அட்டை வந்தது. மிச்ச நேரம் பத்துப் பேராய்த் தாக்குப்பிடித்து வென்றோம். பாலேந்திரா கோப்பையைத் தூக்கி அண்ணையின் தலைக்குக் குறிவைத்து எறிந்தான். அவர் குனிந்தார். கூடாரமே சிரித்தது. அப்படிச் சிரித்து எவ்வளவு காலம்! நெளிந்த கோப்பை கடையில் வெங்காய மூட்டைகளுக்கு மேலே ஏறியது.

அடுத்த மாதம் கடைக்கு ஒரு போன். மனோர் பார்க்கிலிருந்து ஒரு அம்மா.

“குரோய்டன் பாலேந்திராவை உங்களுக்கு நல்லாத் தெரியுமாம். குடி, கோவம் ஏதும்…?”

அண்ணை நிமிர்ந்து கோப்பையின் நெளிவைப் பார்த்தார்.

“சீச்சீ,” என்றார். “தங்கமான பெடியன்.”