ஆமைக்கு ஒரு வழி

இரண்டாயிரமாவது ஆண்டு வாக்கில் படாளத்தில், ஏரியை ஒட்டி மனை வாங்கி வீடு கட்டினேன். முதல் மழையன்று காலையில் கதவைத் திறந்ததும் ஓர் ஆமை உள்ளே வந்தது. ஆமை நுழைந்தால் குடும்பம் நொடித்துப்போகும் என்று கேட்டு வளர்ந்தவன் நான். சோபா மேல் ஏறி நின்று அலறினேன், என்னமோ அது பாய்ந்து பிடித்துவிடும் போல!

என் மனைவி அதை முறத்தில் அள்ளித் தெருவில் விட்டாள். ஆமை திரும்பி வீட்டுக்குள் வந்து, நேராகப் பின்கதவில் முட்டி நின்றது.

"யோவ், அது ஏரிக்குப் போய்கினு கீது. நம்ம வூடுதான் குறுக்கால கீது. நீ மொதல்ல சோபாவ வுட்டு எறங்கு!"

இறங்கிப் பின்கதவைத் திறந்தேன். தோட்டத்தைக் கடந்து, நான் கட்டிய மதில்சுவரில் மறுபடி முட்டியது. யார் குடும்பத்தை யார் நொடிக்க வைத்தது என்று அப்போதுதான் உறைத்தது.

கடப்பாரையால் சுவரடியில் ஓட்டை போட்டேன். ஆமை போய்விட்டது.

"ஓட்டை வழியா பாம்பு வரும்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். வரட்டும், சோபா இருக்கிறது.