இரண்டு சீட்டிலும் ஒரே சொல்

திருவுளச் சீட்டு இரண்டிலும் நான் "குருமடம்" என்றே எழுதினேன். ஒன்றில் "கல்யாணம்" என்று எழுதியிருக்க வேண்டும். தோலில் ஒரு தேமலைக் கண்டு பயந்து, அந்தப் பயத்தைக் கடவுளின் அழைப்பு என்று சொல்லிக்கொள்ள நினைப்பவர்களுக்காக, எண்பது வயதில் இதை எழுதுகிறேன்.

சமஸ்தான காலம். திருவரங்குளத்துக்கு அருகே ஒரு கிராமப் பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். ஊராருக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரின் மகள் செசிலியோடு நிச்சயமாகி, கோயிலில் இரண்டு ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்தாகிவிட்டது. மூன்றாவதற்கு முந்தைய வாரம் இடது முன்கையில் கொதிக்கும் கஞ்சி கொட்டியது. கொப்புளம் எழும்பியது, வலிக்கவில்லை. அங்கே வெளிறிய தேமல் ஒன்று இருப்பதை அப்போதுதான் பார்த்தேன். பக்கத்தில் ஊசியால் குத்தினேன். ரத்தம் வந்தது, வலி வரவில்லை.

தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்று ஓலை வாசிக்கும்போது பங்குச் சாமியார் சொல்வார். எனக்குத் தெரிந்திருந்தது. சொன்னால் ஊருக்கு வெளியே குடிசைதான். சாமியாரிடம் போய், குருமடத்தில் சேர்ந்து படித்துக் குருவாகும்படி ஆண்டவர் அழைப்பதாகத் தோன்றுகிறது என்றேன். சீட்டுப் போட்டுப் பார்க்கச் சொன்னவர் உபதேசியார்.

பூசை முடிந்ததும் அந்தோணியார் பாதத்தில் சீட்டுகளை வைத்தேன். உபதேசியாரே ஒன்றை எடுத்துப் படித்தார். "சாமி கேட்டா நாம மாட்டேன்னு சொல்ல முடியுமா, மாப்ளே?" என்று என் இடது கையைப் பிடித்துக்கொண்டார். தேமல் நீளக்கைச் சட்டைக்குள் இருந்தது. எல்லார் முன்னாலும் மற்றச் சீட்டை எடுக்க முடியவில்லை. சாயங்காலம் போனேன், அங்கே இல்லை.

குருமடத்துப் பரிசோதனையில் டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி இறகால் வருடினார். எங்கே தொடுகிறார் என்று சொல்லத் தெரியவில்லை. அன்றே குஷ்டரோக ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள்.

வாரந்தோறும் தேமலைச் சுற்றி நீரடிமுத்து எண்ணெய் (ஒரு மரத்து விதையின் எண்ணெய், அன்றைக்கு அதுதான் மருந்து) ஊசி போட்டார்கள். அதைத் தாங்க முடிந்தது. காலைகளைத் தாங்க முடியவில்லை. விழித்ததும் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்குவேன். அவர் பெயரால் சொன்ன பொய்க்கு ஆண்டவர் எந்த விரலை எடுப்பார் என்று நினைத்துக்கொண்டு படுத்திருப்பேன்.

இரண்டாம் வருடம் தேமல் பரவாமல் நின்றது. டாக்டர் சொன்னார்: "ஒங்களுது நரம்போட நிக்கிற வகை. அடுத்தவங்களுக்கு ஒட்டாது. அப்பவே காட்டியிருந்தா கல்யாணத்தையே நிறுத்தியிருக்க வேணாம்."

ஊருக்குப் போய்ச் சொல்ல இன்னும் நான்கு வருடம் பயந்தேன். போனபோது உபதேசியார் இறந்திருந்தார். சாமி குறுக்கே நின்ற பெண் என்று செசிலியை யாரும் கேட்டு வரவில்லை. கோயில் வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"மத்தச் சீட்ட அன்னைக்கே பிரிச்சுப் பாத்துட்டேன்," என்றாள். "கோயில் கூட்டுறது நாந்தானே? அப்பாகிட்டச் சொல்லல. என்னையப் பிடிக்காமத்தான் எழுதிட்டீங்கன்னு இருந்தேன். ஆறு வருசமும் அதான் நெனப்பு."

மூன்றாம் ஓலையை இப்போது வாசிக்கச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். பிறகு, "எங்கிட்டு இருக்கு?" என்றாள். சட்டைக்கையை மடித்தேன். தேமல்மேல் ஒரு விரலை வைத்தாள்.

"தெரியுதா?"

தெரிகிறது என்று சொல்ல ஆசையாக இருந்தது.

"தெரியல," என்றேன்.

அவள் கோயிலுக்குள் போய்விட்டாள். நான் ஆஸ்பத்திரிக்கே திரும்பி, முப்பது வருடம் நோயாளிகளுக்குப் புண் கட்டினேன். அதற்குச் சீட்டுப் போட்டுப் பார்க்கவில்லை.

விரல்கள் பத்தும் இருக்கின்றன. குளிக்கும்போது அந்த இடத்தில் தண்ணீர் விழுவதை இன்றும் கண்ணால் பார்த்தே அறிகிறேன். அவள் விரலை எடுத்ததைப் பார்த்தேன். எடுத்ததாக அந்த இடத்துக்கு இன்னும் தெரியாது.